கண்ணாடிப் பாவாடை

தேப்லா ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்த தர்லிகாவின் கை அதுபாட்டுக்கு ஓடியது. காது மட்டும் சாப்பாட்டு மேசைப் பக்கம் இருந்தது. அங்கே அவள் கணவனின் அண்ணன் கிரீட்பாய், காலங்கார்த்தாலே டையெல்லாம் கட்டிக்கொண்டு, வீட்டு ஆட்களை உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்றேன், நல்லா கேட்டுக்கோங்க. தலைவலி. ரொம்ப நாளா தலைவலி. மாத்திரை போட்டதுல கை தவறிப்போச்சு. அவ்வளவுதான் விஷயம். பிபின், உன்னக் கேட்டா என்ன சொல்லுவ?"

"தலைவலின்னு சொல்லுவேன் அண்ணா."

"அதுக்கு ஏன் இப்படி முழிக்கற? முழிச்சாலே அவங்களுக்கு சந்தேகம் வரும். ஏர்போர்ட்ல முழிச்சவனத்தான் தனியா நிக்க வச்சாங்க, மறந்துட்டியா?"

தர்லிகாவின் கணவன் பிபின் அதை மறக்கவில்லை. ஆப்பிரிக்காவில் கம்பாலாவிலிருந்து இந்தியர்கள் எல்லாரையும் விரட்டியடித்த வருஷம், ஆளுக்கொரு பெட்டியோடு இந்த இங்கிலீஷ்காரர் நாட்டில் வந்து இறங்கியபோது அவன் சின்னப் பையன். கிரீட்பாய் மீசை அரும்பிய வாலிபர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் கேட்ட அத்தனை கேள்விக்கும் அவர்களின் அப்பா ஒருவரே பதில் சொன்னார். மற்ற யாரும் வாயைத் திறக்கவில்லை. குடும்பம் ஒழுங்காக உள்ளே வந்துவிட்டது. ஆளாளுக்குப் பேசிய பக்கத்துக் குடும்பம் நாள் கணக்கில் பெஞ்சில் கிடந்தது. வீட்டுக்கு ஒரு வாய்தான் இருக்க வேண்டும் என்று கிரீட்பாய் அன்றைக்குக் கற்றுக்கொண்டார். அப்பா போன பிறகு அந்த வாய் அவருடையதாயிற்று.

"ஊர்மி, நீ என்னம்மா சொல்லுவ?"

"தலைவலி, பெரியப்பா."

"சமத்து."

தர்லிகாவின் பதினாறு வயசு மகள். தலைவலி என்று சொன்னபோது அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து அதைப் பார்த்த தர்லிகாவுக்கு ஒரு தேப்லா கருகியது.

போன மாதம் நடந்தது தலைவலி இல்லை என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குளியலறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தவனே பிபின்தான். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். குடும்பத்தோடு மனநல ஆலோசனைக்கு வரவேண்டும், எல்லாரும் உட்கார்ந்து பேசவேண்டும் என்றார்கள்.

கிரீட்பாய்க்கு அதைக் கேட்டதும் நிச்சயதார்த்தம்தான் நினைவுக்கு வந்தது. அவர் மகன் கேதனுக்கு வெம்ப்ளியில் நல்ல இடத்தில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. கோடை கழிவதற்குள் நிச்சயதார்த்தம். 'அந்த வீட்டுப் பொண்ணு என்னத்தையோ முழுங்கிடுச்சாம்' என்ற பேச்சு குஜராத்திகள் கடை வைத்திருக்கிற பெல்கிரேவ் ரோட்டில் ஒரு கடையில் விழுந்தால் போதும், சாயங்காலத்துக்குள் வெம்ப்ளி போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் ஆலோசனை நிலையத்தில் குஜராத்தி தெரிந்த மொழிபெயர்ப்பாளரை வைக்கிறோம் என்றபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாமென்றார். வருகிறவள் யாருக்கு நாத்தனாரோ, எந்த பஜனை கோஷ்டியில் பாடுகிறவளோ. "எங்க வீட்டு விஷயத்த நானே சொல்லிடுவேன் மேடம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த மேடம்தான் பிலிப்பா. நரைத்த குட்டை முடி, தட்டைச் செருப்பு, தணிந்த குரல். மோசமானவள் இல்லை. உள்ளபடியே நல்ல மனுஷி. அதுதான் இந்தக் கதையில் பயப்பட வேண்டிய விஷயம். கெட்டவர்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் வாயை அடைத்தால் யாராவது தடுப்பார்கள். இங்கே எல்லாரும் நல்லவர்கள்.

முதல் நாள் அவர்கள் ஆலோசனை அறைக்குள் நுழைந்ததும் பிலிப்பா கைகூப்பினாள். தேப்லா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சோபாக்கள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி.

"இந்தக் கண்ணாடிக்குப் பின்னால என் கூட வேலை செய்யறவங்க ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க நம்மளப் பாக்கலாம், பேசறதக் கேக்கலாம். ஏதாவது தோணுச்சுன்னா இந்தப் போன்ல கூப்பிட்டு எங்கிட்ட சொல்லுவாங்க. ரெண்டு கண்ணுக்குத் தெரியாதது ஆறு கண்ணுக்குத் தெரியும், அதுக்குத்தான். உங்களுக்கு சம்மதமா?"

இதை அவள் கிரீட்பாயைப் பார்த்துத்தான் கேட்டாள். இந்தியக் குடும்பங்களில் மூத்தவரை முந்திக்கொண்டு இளையவர்களிடம் பேசுவது அவமரியாதை என்று அவள் படித்திருந்தாள். படித்ததை மதித்தாள்.

"தாராளமா" என்றார் கிரீட்பாய். பிறகு குஜராத்தியில், சிரித்த முகம் மாறாமல், "எல்லாரும் நிமிந்து உக்காருங்க, பின்னாலேருந்து பாக்கறாங்க" என்றார்.

தர்லிகா தலை முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். ராஜ்கோட் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கணவனின் அண்ணனை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. உப்புப் போதுமா என்று கேட்க வேண்டுமானால்கூட ஓரகத்தி சவிதாவிடம் சொல்லி அவள் கேட்பாள். அடிமைத்தனம் என்று அதை அவள் நினைத்ததில்லை. மூச்சு விடுவது மாதிரி பழகிப்போயிருந்தது.

பிலிப்பா கேட்டாள். கிரீட்பாய் சொன்னார். தலைவலி, பரீட்சை நேரம், கை தவறிவிட்டது. ஊர்மி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் பிலிப்பாவுக்குச் சமமாக இங்கிலீஷ் பேசக்கூடிய ஒரே ஆள் ஊர்மிதான். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண். அவளுக்காக அவள் பெரியப்பா, கடைக்காரர் இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் சுவரிலிருந்த போன் அடித்தது. பிலிப்பா எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தாள்.

"பின்னாலேருந்து ஒரு கேள்வி. அம்மா என்ன நினைக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கணுமாம்."

தர்லிகாவிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அந்தச் சம்பவத்துக்குச் சில நாள் முன்னால் ஊர்மி அடுப்படியில் வந்து நின்று, "மம்மி, எனக்கு எதுவுமே வேணும்னு தோணல. பசி கூட" என்று சொல்லியிருந்தாள். "வெந்தயத் தண்ணி குடி, சரியாயிடும். போய் விளக்கேத்து" என்று தர்லிகா அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வெந்தயத் தண்ணீர் அவள் நெஞ்சிலேயே நிற்கிறது.

அவள் கணவனைப் பார்த்தாள். பிபின் அண்ணனைப் பார்த்தான். கிரீட்பாய் பிலிப்பாவைப் பார்த்து, "அவங்களும் அதேதான் சொல்றாங்க" என்றார்.

பிலிப்பா ஒரு நொடி தயங்கினாள். அதற்கு மேல் நெருக்கினால் அந்த அம்மாளைச் சங்கடப்படுத்துவோமோ என்று நினைத்தாள். விட்டுவிட்டாள். ஊர்மியைத் தனியாகப் பார்க்கலாமா என்று கேட்டபோதும் அதே கதைதான். "எங்க வீட்டுல ரகசியமே கிடையாது மேடம். எல்லாம் ஒண்ணாத்தான்" என்றார் கிரீட்பாய். இவர்கள் கூட்டாக வாழ்கிறவர்கள், தனித்தனியாகப் பிரிப்பது நம் பழக்கம், இவர்கள் பழக்கம் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மரியாதைதான். அந்தப் பெரியவருக்கோ குடும்ப மரியாதை. இரண்டு மரியாதையும் இரண்டு பக்கமும் நின்று கதவைச் சாத்தின.

வாராவாரம் போனார்கள். வாராவாரம் தேப்லா போனது.

கோடை நடுவில் ஊர்மி மாறினாள். ஒருநாள் காலையில் எழுந்து, யாரும் சொல்லாமலே, தன் அலமாரியை ஒழித்துத் துடைத்தாள். சவிதா பெரியம்மாவிடம் போய், எப்போதோ எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். கேதனுக்குத் தன் பாட்டுப் பெட்டியைக் கொடுத்தாள். "நிச்சயதார்த்தப் பரிசு அண்ணா, வச்சுக்கோ" என்றாள். சாப்பிடும்போது சிரித்தாள். வீடே மூச்சு விட்டது.

"பாத்தியா, பொண்ணு தேறிட்டா. கண்ணு போடாத, மிளகா சுத்திப் போடு" என்றாள் சவிதா.

தர்லிகாவும் சுற்றிப் போட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று சிரிக்கிற சிரிப்பு அது. என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் குளியலறைக் கதவு உடைந்த சத்தம் கேட்டது.

பிறகு அந்தப் பாவாடை வந்தது.

ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்த தர்லிகாவின் கண்ணில் பளீரென்று ஒரு வெளிச்சம் அடித்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் பாயல் நடைபாதையில் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பெரிய ஊக்கு குத்தி, தரையில் இழுபட, ஊர்மியின் கண்ணாடிப் பாவாடை. சிவப்பும் கறுப்புமாய், குளிர்காலம் முழுக்க தர்லிகா உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாடியாக வைத்துத் தைத்தது. நவராத்திரியில் ஊர்மி அதைக் கட்டிக்கொண்டு கர்பா ஆடினால் மண்டபத்தில் மற்றப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். ஒன்பது நாள் ஆட்டத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிற பெண் அவள். காய்ச்சலோடு ஆடியிருக்கிறாள். கால் சுளுக்கித் துணி கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

தர்லிகா மாடிக்கு ஓடினாள். ஊர்மி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அறை சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக.

"பாவாடைய ஏன்டி குடுத்த?"

"அதுக்கு ரொம்ப நாளா ஆச மம்மி. வளந்தா சரியாயிருக்கும்."

"நவராத்திரி வருதே. நீ என்னத்தக் கட்டிப்ப?"

"அப்போ பாத்துக்கலாம்."

"அப்போன்னா எப்போ? துணி எடுத்துத் தைக்கவே நாள் பத்தாதே."

ஊர்மி எழுந்து வந்து அம்மாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். "நீ எனக்கு இனிமே ஒண்ணும் தைக்காத மம்மி. கண்ணு வலிக்குதுன்னு சொல்றல்ல" என்றாள், அன்பாக.

அன்பாகத்தான் சொன்னாள். நவராத்திரிக்கு முன்னால் கண்ணாடிப் பாவாடையைத் தானம் கொடுக்கிற குஜராத்திப் பெண்ணை தர்லிகா பார்த்ததே கிடையாது. நவராத்திரி வரைக்கும் இருக்கப் போவதில்லை என்று நினைக்கிறவள்தான் அதைக் கொடுப்பாள்.

பிபின் கடையிலிருந்து வந்ததும் அவனைப் படிக்கட்டடியிலேயே நிறுத்திச் சொன்னாள்.

"ஒரு பாவாடைக்குப் போயா?" என்றான் அவன். முகம் வெளுத்துத்தான் போயிற்று. ஆனாலும் சொன்னான். "ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். வீட்டுல இவ்வளவு வேல இருக்கு. அது முடியட்டும், அண்ணன்கிட்ட நானே பேசறேன்."

சவிதாவிடம் சொன்னாள். "உனக்குப் பொண்ணு அழுதாலும் கவல, சிரிச்சாலும் கவல. நிச்சயதார்த்தம் முடியட்டும், உக்காந்து பேசலாம்" என்றாள் அவள்.

முடியட்டும், முடியட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். தர்லிகா மகளின் அறை வாசலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். கேட்டால் மேலே காற்று நன்றாக வருகிறது என்றாள்.

அந்த வாரம் புதன்கிழமை ஆலோசனைக்குக் கடைசி நாள். கிரீட்பாய் தேப்லாவோடு ஒரு பெட்டி பேடாவும் எடுத்துக்கொண்டார். கடைசி என்பதால் வண்டியில் ஒத்திகைகூட வைக்கவில்லை.

பிலிப்பாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ஊர்மி முகமே மாறிடுச்சு. உங்க குடும்பத்தோட பலம் அது. நாம இன்னிக்கு நல்லபடியா முடிச்சுக்கலாம்னு நெனைக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கிரீட்பாயைக் கேட்டாள்.

"பொண்ணு தங்கமா மாறிட்டா மேடம். அலமாரி சுத்தம். பெரியவங்ககிட்ட மரியாத. இப்பகூட பாருங்க, அவ டான்ஸ் ஆடற பாவாட, அவங்கம்மா கையால தச்சது, அவ உயிரு அது. அதயே பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தூக்கிக் குடுத்துட்டா."

"எவ்வளவு பெரிய மனசு" என்றாள் பிலிப்பா. ஊர்மியைப் பார்த்துச் சிரித்தாள். ஊர்மியும் சிரித்தாள்.

தர்லிகா சுவரிலிருந்த போனைப் பார்த்தாள். அடி, அடி என்று மனசுக்குள் வேண்டினாள். அம்மா என்ன நினைக்கிறாள் என்று யாராவது கேளுங்கள். ஒரே ஒரு தடவை கேளுங்கள். இன்றைக்கு அந்தப் போன் அடிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் பாவாடை வெறும் பாவாடைதான்.

பிலிப்பா எழுந்து கைகூப்பப் போனாள்.

தர்லிகா எழுந்தாள். கிரீட்பாய் பக்கம் திரும்பிப் பேச அவளால் முடியாது, அது அவள் உடம்பிலேயே இல்லை. அதனால் கண்ணாடியை நோக்கி நடந்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் சோபாவில் ஊர்மி தெரிந்தாள். தர்லிகா கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினாள்.

"உள்ள இருக்கறவங்க கேக்கறீங்களா? நான் பேசறேன்."

"தர்லிகா" என்றான் பிபின்.

"மேடம்" என்றாள் அவள், தனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில், கண்ணாடியைப் பார்த்தபடியே. "பாவாட குடுத்தது நல்லது இல்ல. ரொம்பக் கெட்டது. எங்க பொண்ணுங்க நவராத்திரி பாவாட குடுக்க மாட்டாங்க. என் பொண்ணு ஆடப் போறதில்ல. அதான் குடுத்தா. பாட்டுப் பெட்டி குடுத்தா. மன்னிப்பு கேட்டா. எல்லாம் முடிச்சு வைக்கறா. தலைவலி இல்ல மேடம். தலைவலி பொய். என் பொண்ணு போகப் போறா."

போன் அடித்தது. பிலிப்பா அதை எடுக்கவில்லை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய், முதல் தடவையாக அவள் கிரீட்பாயைப் பார்க்காமல் நேராக ஊர்மியின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ஊர்மி, நான் சுத்தி வளைக்கல. உயிர விட்டுடணும்னு உனக்கு யோசன இருக்கா?"

"இந்த மாதிரியெல்லாம் கேக்காதீங்க" என்றார் கிரீட்பாய். "சின்னப் பொண்ணு. இல்லாத யோசனையும் வந்துடும்."

"கேக்கறதால வராது சார். கேட்டாத்தான் வெளிய வரும். நான் முதல் நாளே கேட்டிருக்கணும்."

ஊர்மி பிலிப்பாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தாள். இங்கிலீஷ் அத்தனை தெரிந்தவள், குஜராத்தியில் பேசினாள். குரல் தணிந்து, மரியாதையாக இருந்தது. பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டுமென்று அந்த வீட்டில் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே பேசினாள்.

"நிச்சயதார்த்தம் முடியட்டும்னு இருந்தேன் பெரியப்பா. அதுக்கு முன்னால ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குத் தலைகுனிவு. கேதன் அண்ணா பாவம். அதனாலதான் திங்கக்கிழமைன்னு நெனச்சேன்."

பிபின் வாயைப் பொத்திக்கொண்டான். தர்லிகா கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிலிப்பாவுக்கு மொழி தெரியாது. அவர்கள் முகங்கள் தெரிந்தன. "என்ன சொன்னா?" என்று கிரீட்பாயைக் கேட்டாள்.

கிரீட்பாய் வாயைத் திறந்தார். "அவ சொல்றா, அவளுக்குத் தலை..." என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம். அந்தச் சொல் அவர் வாயில் தயாராக இருந்தது. இத்தனை வாரம் அதைச் சொல்லியே ஓட்டியிருந்தார். அறை முழுக்கக் காத்திருந்தது. இப்போதும் அவர் தலைவலி என்று சொல்லிவிடலாம். சொன்னால் கைகூப்பி எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஞாயிறு வரும். ஜிலேபி வரும். அடுத்து திங்களும் வரும்.

அவர் டையைப் பிடித்து இழுத்துத் தளர்த்தினார். ஊர்மி சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னார். 'தலைகுனிவு' என்ற இடத்தில் குரல் உடைந்தது. 'திங்கக்கிழமை' என்று சொல்லி முடித்ததும் சோபாவில் அப்படியே சரிந்து, கடையில் நூறு பேரை அதட்டுகிற அந்த மனிதர், குழந்தை மாதிரி அழுதார்.

"என் தலை குனியக்கூடாதுன்னு நீ நாள் பாத்து வச்சியாம்மா? நான் என்னடி பண்ணேன் உனக்கு?"

"நீங்க ஒண்ணும் பண்ணல பெரியப்பா. யாரும் ஒண்ணும் பண்ணல. காரணம்னு ஒண்ணும் இல்ல. எனக்கு எதுவும் வேணும்னே தோணல, அவ்வளவுதான். அத சொல்ல எடம் இல்ல."

அதற்குள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த இரண்டு பேரும் இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். ஒருத்தி டாக்டரைக் கூப்பிடப் போனாள். ஊர்மி அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பக்கூடாது, ஆஸ்பத்திரியில் ஆள் துணையோடு இருக்க வேண்டும், இது காய்ச்சல் மாதிரி ஒரு நோய், வைத்தியம் இருக்கிறது, ஆனால் நாள் பிடிக்கும் என்று பிலிப்பா சொன்னாள். இதை அவள் ஊர்மியிடமும் தர்லிகாவிடமும் சொன்னாள், மெதுவாக, எளிய வார்த்தையில். பிழைத்துவிடுவாள் என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

கிரீட்பாய் அந்தச் சுவர்ப் போனையே எடுத்து வெளியே பேச முடியுமா என்று கேட்டார். வெம்ப்ளிக்குப் போட்டார்.

"சம்பந்தி, ஞாயித்துக்கிழமை வேண்டாம். எங்க வீட்டுப் பொண்ணுக்கு மனசு சரியில்ல. ஆமா, மனசுதான். உயிர் போற மாதிரி இருக்கு. நாங்க எல்லாரும் அவ பக்கத்துல இருக்கணும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, தலைவலி இல்ல" என்றார். அதற்கு மேல் என்ன சொன்னார்களோ, அவர் போனை வைத்துவிட்டார். அந்தச் சம்பந்தம் நிற்குமா போகுமா என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தர்லிகா மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர்மி அவள் மடியில் தலையைச் சாய்த்தாள்.

"மம்மி, பாயல்கிட்டேருந்து பாவாடைய திருப்பி வாங்கிடாத. பாவம்."

"வாங்கல. வேற தைக்கறேன். கட்டிக்கறதும் கட்டிக்காததும் உன் இஷ்டம். ஊசில நூல் மட்டும் கோத்துக் குடு, எனக்குக் கண்ணு தெரியல."

ஊர்மி அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்லவில்லை.

தர்லிகாவின் முக்காடு எப்போதோ நழுவித் தோளில் கிடந்தது. அதை அவள் எடுத்துப் போடவில்லை. கிரீட்பாயை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். குஜராத்தியில்தான் பேசினாள்.

"நான் உங்கள எதுத்துப் பேசறேன்னு நெனைக்காதீங்க. மரியாதை எனக்கு இன்னும் இருக்கு. ஆனா மரியாதைக்காக வாய மூடினா உள்ள ஒரு உயிர் போயிட்டிருக்கறது வெளிய தெரியாது. நானும் மூடித்தான் வச்சிருந்தேன். இனிமே நம்ம வீட்டுல வயச பாத்து ஆள் பேச வேண்டாம். யாருக்கு வலிக்குதோ அவங்க பேசட்டும். மத்தவங்க கேக்கட்டும். மனசுல வர்ற நோவ மறைச்சு வச்சு மானத்தக் காப்பாத்தின குடும்பம் கடைசில எதக் காப்பாத்தும்?"

பிலிப்பா வழக்கப்படி கிரீட்பாய் பக்கம் திரும்பினாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

கிரீட்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொழிபெயர்க்கவில்லை.

"அவங்க இங்கதானே இருக்காங்க மேடம். அவங்களையே கேளுங்க."